நம் ஹட்டியின் (ஊரின்) ஊற்றுக்கு உதவுங்கள்: மே 20க்குள் நன்கொடை தேவை

ஊர்ப் பெரியவர்களுக்கும், கோவை, பெங்களூரு என்று வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஊற்றுக் குழுவின் வணக்கம்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் மேல்சரிவில் மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் குழிகளை வெட்டி முடிக்காவிட்டால் இந்த வருட மழையும் ஓடையோடு போய்விடும். இன்னும் 1,65,000 ரூபாய் குறைகிறது.

நீலகிரியில் நம் முன்னோர் தண்ணீர் பார்த்துத்தான் ஹட்டி அமைத்தார்கள். எருமை மேய்த்த காலம் முதல் ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு இந்த ஊற்றுத் தண்ணீர்தான். எந்தக் கோடையிலும் வற்றாத ஊற்று என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மூன்று கோடையாக அப்படிச் சொல்ல முடியவில்லை.

அம்மன் கருணையால்தான் தண்ணீர் வருகிறது. அது வரும் வழியைக் காப்பது நம் வேலை. நம் மலைக்கு அடியில் சார்னோகைட் என்னும் கடினமான பாறை. அதன் மேல் அந்தப் பாறையே மக்கி உண்டான களிமண். அதற்கும் மேல் செம்மண்ணும், மேட்டிலிருந்து சரிந்து வந்து படிந்த கல்லும் மண்ணும். மழைநீர் மேல்மண்ணில் சுலபமாக இறங்கும்; களிமண்ணைத் தொட்டதும் கீழே போக முடியாமல் சரிவின் போக்கில் பக்கவாட்டில் நகரும். அந்த அடுக்கு சரிவில் வெளியே தெரியும் இடத்தில் ஊற்றாகச் சுரக்கும். அதனால் ஊற்றுக்கண்ணில் மட்டும் சிமெண்ட் பூசிப் பயனில்லை. தண்ணீர் உள்ளே இறங்கும் இடம் மேலே இருக்கிறது. அங்கே புல்லும் சோலையும் போய் மண் இறுகிவிட்டது. மனைக்காகச் சரிவை வெட்டிய இடத்திலோ, ஊற்றுக்கு வர வேண்டிய நீர் பாதியிலேயே கசிந்து போகிறது. சிக்கிமில் 2008 முதல் இப்படி மேல்சரிவில் குழி வெட்டித்தான் பல ஊற்றுகளை மீட்டார்கள்.

செலவு இது: குழி வெட்ட 2,10,000, பழைய தொட்டியைச் சீராக்க 1,60,000, சோலை நாற்றுக்கும் வேலிக்கும் 1,10,000. மொத்தம் 4,80,000. வந்தது 3,15,000.

கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! தேயிலை பறிக்கும் நம் அக்கா தங்கைகள் ஒரு நாள் கூலியை அப்படியே தந்தார்கள். ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர்கள் கேட்காமலே கொடுத்தார்கள். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து பெண்பிள்ளைகள் பிறந்த ஊருக்கென்று அனுப்பினார்கள். அவர்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் வசதியான சில வீடுகளிலிருந்து இன்னும் ஒரு ரூபாய்கூட வரவில்லை. கூலிக்காரப் பெண்கள் கொடுத்த பிறகும் நாம் கொடுக்காமல் இருக்கலாமா? பண்டிகைக்கு வரும்போது இந்தத் தண்ணீரைத்தானே எடுக்கிறோம்?

பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பணம் தர முடியாதவர்கள் மண்வெட்டியோடு இரண்டு நாள் வந்தால் போதும், அதையும் நன்கொடைக் கணக்கில் எழுதிக்கொள்வோம்.