விற்பனைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன தீபாவளி முடிந்து வந்த முதல் இதழில் டாஸ்மாக் விற்பனைக் கணக்கு போட்டிருந்தீர்கள். சென்னை, மதுரை, திருச்சி, சேலம், கோவை என்று மண்டலவாரியாக, எங்கே எத்தனை கோடி, யார் முதலிடம் என்று. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் போடுகிற மாதிரியே இருந்தது. குறை சொல்ல எனக்கும் முழுத் தகுதி இல்லை. எங்கள் கோவை மண்டலம் எத்தனையாவது என்று முதலில் தேடிப் பார்த்தவன் நான்தான்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலை. (ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் பங்கு போடுவதற்கும் கட்டிங் என்றுதான் பெயர். இதை வைத்து என்னைக் கிண்டல் செய்யாத ஆள் கம்பெனியில் கிடையாது.) சொந்த ஊர் தேனிப் பக்கம். முன்பெல்லாம் போனஸ் கைக்கு வந்தால் ஊருக்கு பஸ் ஏறுவதற்குள் பாதி கரைந்திருக்கும். ஒரு வருடம் நானே போய்ச் சேரவில்லை. பையனுக்கு எடுத்த சட்டையை எங்கே விட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

மாலை போட்டால் 48 நாள் ஒரு சொட்டு தொட மாட்டேன். மலை இறங்கி மாலையைக் கழற்றிய ராத்திரியே கடை வாசலில் நிற்பேன். கடைசி வருடங்களில் அதுவும் போயிற்று. விடிந்ததும் ஊற்றினால்தான் கை நடுக்கம் நிற்கும். 2016 தீபாவளிக்கு முன்னால் பிள்ளை தலையில் சத்தியம் செய்துவிட்டு நானாகவே நிறுத்தினேன். மூன்றாம் நாள் வலிப்பு வந்து அரசு மருத்துவமனையில் கிடந்தேன். தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகும், உயிரே போகலாம், டாக்டர் கண்காணிப்பில்தான் விட வேண்டும் என்று அங்கேதான் சொன்னார்கள். வைராக்கியம் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்த என் வீட்டாருக்கும் அது புதிய செய்தி. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் குடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2018 ஆகஸ்டில், இந்த முறை சிகிச்சையோடு, விட்டேன். அப்புறம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். குடியை விட நினைக்கிறவர்கள், பெயரை வெளியே சொல்லாமல், ஒருவருக்கொருவர் துணை நிற்கிற கூட்டம். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. நான் போவது ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்கு. கட்டணம் கிடையாது. டீ, பிஸ்கட், அவரவர் கதை, அவ்வளவுதான். ‘இன்று ஒரு நாள் மட்டும்’ என்பார்கள். பசி, கோபம், தனிமை, அசதி இந்த நாலும் வந்தால் ஜாக்கிரதை என்பார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவனுக்கு நாலும் ஒரே பஸ்ஸில் வரும்.

அந்த முதல் தீபாவளி நவம்பர் 6. காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஏழிலிருந்து எட்டு மட்டும்தான் பட்டாசு வெடிக்கலாம் என்று நேரம் குறித்த வருடம் அது. தெருவே எட்டு மணிக்கு அடங்கிவிட்டது. டாஸ்மாக் கடைக்கோ பகல் பன்னிரண்டிலிருந்து இரவு பத்து வரை நேரம் இருந்தது. மாமனார் வீட்டு மாடியில் மச்சினன் டம்ளரோடு வந்து, “நாளும் கிழமையுமா ஒரு கட்டிங் மட்டும் மாமா, ஒண்ணும் ஆகாது” என்றான். பாசத்தில்தான் கேட்டான். எனக்கு வாய் ஊறியது, பொய் சொல்லவில்லை. போன் பேசிவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கி, கூட்டத்து அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டேன். “முதல்ல சாப்பிட்டியா?” என்றார். மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை. அத்தை ஒரு வார்த்தை கேட்காமல் காலையில் மீந்த இட்லியும் கறிக்குழம்பும் வைத்தார்கள். எட்டு இட்லி தின்றுவிட்டுத் தூங்கிப்போனேன். என் முதல் அமைதியான தீபாவளி ராத்திரி அதுதான்.

தீபாவளிக்குக் கடையை மூடச் சொல்லி எழுதுவதாக நினைக்க வேண்டாம். வருடத்துக்கு எட்டு நாள் மூடுகிறார்கள். அதில் திருவள்ளுவர் தினம் மாட்டுப் பொங்கலன்று வரும். மூடுவார்கள் என்று தெரிந்து முதல் நாளே நாலு குவார்ட்டர் வாங்கி வைக்கோல் போரில் செருகி வைத்தவன் நான். பையன் தனியாக மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருப்பான், நான் போருக்குப் பின்னால் இருப்பேன்.

நான் கேட்பது சின்ன விஷயம். போதை மறுவாழ்வுக்கு மத்திய அரசின் இலவச எண் 14446 இருக்கிறது. எங்கள் கம்பெனியில் கேட்டுப் பாருங்கள், பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம். போனஸ் போடும் வாரத்தில் முதல் பக்கத்து மூலையில் அதை அச்சிடுங்கள். தீபாவளி முடிந்து கோடிக் கணக்கைப் போட்டே ஆக வேண்டுமென்றால், பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் இன்னொரு முறை. மண்டலவாரிப் பட்டியலை விடாமல் படிக்கிற ஆட்களில் பாதிப் பேருக்கு அது தேவைப்படும். அனுபவத்தில் சொல்கிறேன்.

பெயரைப் போட வேண்டாம். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, எங்கள் கூட்டத்து வழக்கம் அப்படி.

இப்படிக்கு,
ஒரு கட்டிங் மாஸ்டர், திருப்பூர்