தடுப்பது வாசற்காவலரின் வேலையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

நீதிமன்றப் பார்வையாளர்களைக் கட்டுப்படுத்துவது பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 106ஆவது உறுப்புரைப்படி நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாகவே நடக்க வேண்டும். யாரும் சென்று பார்க்கலாம். குடும்ப உறவு, பாலியல் விவகாரம், தேசிய பாதுகாப்பு, வளாக ஒழுங்கு ஆகிய காரணங்களுக்காக, வழக்கோடு நேரடித் தொடர்பில்லாதவர்களை நீதிபதி விலக்கலாம். சரி, அது தேவைதான். பாதிக்கப்பட்ட பிள்ளை ஊர் பார்க்கச் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் அந்த முடிவு நீதிபதியுடையது.

தமையனின் காணி வழக்கைக் கேட்க மூதூரிலிருந்து வந்த அம்மா ஒருவரை, "உங்கட பேரில வழக்கு இருக்கா?" என்று கேட்டு வாசற்காவலர் நீதிமன்ற வாசலிலேயே திருப்பியதை நேரில் கண்டேன். விசாரணை முடியும்வரை வெயிலில் நின்றார். அந்த உறுப்புரையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒவ்வொரு நீதிமன்ற வாசலிலும் மாட்ட நீதி அமைச்சு ஏற்பாடு செய்ய வேண்டும்.

வாசகர்,
திருகோணமலை.