ஈரோட்டு அண்ணாவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

நம் கர்னலின் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) புதிய வெளியீடு நேற்று இரவு போய்விட்டது. பழைய மெஷின்கள் பூட் ஆகின்றன. ப்ராசஸர் கோடைக் கம்பெனி வாரியாகத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்தபோது, சிரிக்ஸ் கம்பெனியின் பழைய ப்ராசஸர் போட்ட மெஷின் பூட் ஆகாமல் நின்றது. மீதி இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் என்பதால் அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நிம்மதியாகத் தூங்கி எழுந்திருக்கிறேன்; நன்றி சொல்வதை இனியும் தள்ளிப்போட மனசில்லை.

முதலில் ஈரோட்டு அண்ணா. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் கர்னல் எழுதுகிறவர் இல்லை, கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தவர். சிரிக்ஸ் 6எக்ஸ்86 ப்ராசஸர் யாரிடமாவது இருக்கிறதா என்று நாங்கள் கேட்டபோது பரணில் கிடந்த ஒன்றை இறக்கித் துடைத்து ஓடவிட்டார். பூட் ஆகிறது, ஆகவில்லை என்று ஒரு வரி வந்தாலே போதும் என்றுதான் நினைத்திருந்தோம். அவரிடமிருந்து வந்தது ஒரு நோட்டுப் பக்கத்தின் போட்டோ.

ப்ராசஸர் எது என்று கர்னல் கண்டுபிடிக்கிற கட்டம் பூட்டின் ஆரம்பத்திலேயே வந்துவிடும். திரையில் ஒழுங்காகச் செய்தி காட்டும் வசதிகூட அப்போது தயாராகியிருக்காது. அதனால் ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் வீடியோ மெமரியில் நேரடியாக ஓர் எழுத்தைப் போடும் சோதனை பில்டை (சோதனைக்கென்று தயாரித்த கர்னலை) அனுப்பியிருந்தோம். அண்ணா அந்த எழுத்துகளைக் கட்டம் போட்டுப் பேனாவால் எழுதியிருந்தார். ரேமை மாற்றினால் எங்கே நிற்கிறது, பயாஸில் கேஷை அணைத்தால் எங்கே, சவுண்டு கார்டைக் கழற்றினால் எங்கே என்று தனித்தனி வரிசைகள். எல்லா வரிசையும் ஒரே எழுத்தில் நின்றிருந்தன. அடியில், "மெமரி மேல சந்தேகம் வேண்டாம் தம்பி, இது வேற" என்று ஒரு குறிப்பு. இதையெல்லாம் செய்யச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை.

நாங்கள் அதுவரை மெமரியைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் சிரிக்ஸின் செட்டிங் ரெஜிஸ்டர்களில் (சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) எழுதும் வரிக்குப் போனோம். அந்தச் சிப்பில் ஒரு ரெஜிஸ்டரைத் தொட வேண்டுமானால் முதலில் அதன் எண்ணை 22ஆம் போர்ட்டில் (எண்ணிட்ட ஒரு வாசல்) எழுத வேண்டும், அப்புறம் மதிப்பை 23இல் படிக்கவோ எழுதவோ வேண்டும் (இரண்டும் 16ஐ அடிமானமாகக் கொண்ட எண்கள்). ஒரு முறை கொடுத்த எண் ஒரே ஒரு அணுகலுக்குத்தான் செல்லும். பழைய மேக்ரோ (கோடில் அழைத்த இடத்திலேயே அப்படியே ஒட்டப்படும் துண்டு) எண்ணை முதலில் எழுதிவிட்டு அதன் பிறகு மதிப்பைக் கணக்கிட்டது. அந்தக் கணக்குக்குள்ளேயே ரெஜிஸ்டரைப் படிக்கும் வேலையும் இருந்ததால், கொடுத்த எண் அங்கேயே தீர்ந்துவிடும். கடைசியில் எழுதியது சிப்புக்குப் போய்ச் சேரவே இல்லை. இத்தனை வருஷமும் அந்த வரி இருந்தும் இல்லாததுதான். மேக்ரோவை ஃபங்ஷனாக மாற்றியதும் மதிப்பு முதலிலேயே கணக்காகி, அந்த வரி முதல்முறையாக வேலை செய்தது. அண்ணாவின் மதர்போர்டுக்கு அந்த செட்டிங் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் பூட் நின்றது. லினக்ஸ் கர்னலிலும் இதே அமைப்பில் மேக்ரோக்கள் இருந்தன, ஆகவே இது நம் வீட்டில் மட்டும் நடந்த விஷயம் இல்லை.

அண்ணா, நீங்கள் எழுதி அனுப்பிய அந்த ஒரு பக்கம் இல்லாவிட்டால் சிரிக்ஸுக்கான கோடு இருக்கும் ஃபைலையே நீக்கியிருப்போம். அந்தப் பேச்சு ஏற்கெனவே வந்துவிட்டது. லினக்ஸ் 2012இலேயே 386 என்ற பழைய ப்ராசஸருக்கான ஆதரவை விட்டுவிட்டதே, நமக்கு மட்டும் எதற்கு என்று கேட்டவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. "முடியும்வரை இந்த மெஷினைப் பிரிக்க மாட்டேன், எப்போ வேணும்னாலும் சொல்லு" என்று நீங்கள் சொன்ன பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். கம்பெனி வாரியாகக் கோப்புகளைப் பிரித்த பேட்ச்களை (கோடு மாற்றங்களை) வரி வரியாகப் படித்தவர்கள், மாடல் எண்ணை மட்டும் பார்த்து ஃபேமிலியை (ப்ராசஸரின் தலைமுறையைக் குறிக்கும் எண்) பார்க்காத ஒப்பீடுகளைத் தேடிப் பிடித்தவர், 1997இல் வெளிவந்த, மெஷினையே உறையவைக்கும் பென்டியம் எஃப்00எஃப் பிழைக்கான தடுப்பு புதிய இடத்திலும் ஓடுகிறதா என்று நிஜமான பென்டியத்தில் பார்த்துச் சொன்னவர், கல்லூரி லேபில் இருந்த ஏத்லான்களையும் பென்டியம் 4களையும் ஒரு சனிக்கிழமை முழுக்க எங்களுக்காக ஓடவிட்ட மாணவர்கள், வெளியீட்டுத் தேதியைத் தள்ளிவைத்து எல்லோரிடமும் பேச்சு வாங்கிக்கொண்டவர். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுகிறேன்.

ப்ராசஸரைக் கண்டுபிடிக்கும் இந்த கோடின் மேல் இப்போது எனக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது. 5ஐ 2ஆல் வகுத்துவிட்டு விடையைக் கண்டுகொள்ளாமல் ஃபிளாக்குகள் (கணக்கின் தன்மையைக் குறித்துவைக்கும் பிட்கள்) மாறினவா என்று மட்டும் பார்க்கும் ஒரு துண்டு அதில் இருக்கிறது. புதிதாகப் படிக்கிறவருக்கு அழித்துவிடத்தான் தோன்றும். ஆனால் சிரிக்ஸில் அந்த வகுத்தலுக்குப் பிறகு ஃபிளாக்குகள் அப்படியே இருக்கும், மற்றவற்றில் மாறிவிடும். 6எக்ஸ்86 ரீசெட்டிலிருந்து எழும்போது சிபியுஐடி கட்டளை (ப்ராசஸர் தன்னைப் பற்றிச் சொல்லும் கட்டளை) அணைந்தே இருப்பதால், நீ யார் என்று அதனிடம் நேராகக் கேட்க முடியாது. இப்படிச் சுற்றிவளைத்து ஆளைத் தெரிந்துகொண்டு, சிசிஆர்4 ரெஜிஸ்டரில் ஒரு பிட்டை ஏற்றிய பிறகுதான் அது தன் பெயரைச் சொல்லும். இதை முதலில் கண்டுபிடித்து எழுதியவர் யாரோ, அவருக்கும் நன்றி.

இனிமேல் எந்த ப்ராசஸரின் கோப்பையும், அந்த மெஷினை வைத்திருப்பவர்களிடம் கேட்காமல் நான் தொட மாட்டேன். புரியாத வரி ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே காரணத்தை எழுதி வைப்பேன். எழுத்து போடும் அந்தச் சோதனை வசதி பூட் விருப்பமாகக் கர்னலிலேயே நிரந்தரமாக இருக்கும்.

அடுத்ததாக சென்டார் (ஐடிடி வின்சிப் ப்ராசஸரை வடிவமைத்த கம்பெனி) கோப்பைப் பிரிக்கப் போகிறோம். ஐடிடி வின்சிப் போட்ட மெஷின் யார் வீட்டிலாவது ஓடும் நிலையில் இருந்தால், வேலையைத் தொடங்கும் முன்பே எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ப்ராசஸர் கோடைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் தம்பி