ஆவுளியா நீரூற்றுத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். மண்டபம் ஊரில் நம் குடியிருப்பு முச்சந்தியில் உள்ள ஆவுளியா (கடற்பசு) நீரூற்றின் திருப்பணி இனிதே நிறைவேறியது. மாலையில் மோட்டார் போட்டதும் சிற்பத்தில் உள்ள தாய், கன்று இரண்டின் முதுகிலும் தண்ணீர் வழிந்தோடுகிறது. வெளியூரில் இருப்பவர்கள் ஊருக்கு வரும்போது குடும்பத்தோடு வந்து பார்க்க வேண்டும்.

சிற்பம் சிதைந்ததற்கு உப்புதான் காரணம். கடற்காற்றின் உப்பும் ஈரமும் விரிசல் வழியே புகுந்து, சுதைக்குள் இருந்த இரும்புக் கம்பிகளைத் துருப்பிடிக்க வைத்தன. துரு இரும்பைவிடப் பெருத்த இடத்தை அடைப்பதால் பூச்சு வெடித்துப் பாளம் பாளமாகக் கழன்றது. மேலே அடித்திருந்த ஆயில் பெயின்ட் ஈரத்தை வெளியேற விடவில்லை. பெயின்டைச் சுரண்டி, துருக்கம்பிகளை அறுத்தெடுத்து, 316 ரகத் துருப்பிடிக்காத எஃகைப் பொருத்தினோம். காகிதக்கூழை நல்ல தண்ணீரில் நனைத்து அப்பி, காய்ந்ததும் உரித்து, ஊறியிருந்த உப்பை வெளியே இழுத்தோம். அதன் பிறகே சிப்பிச் சுண்ணாம்புக் காரை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் கொத்தனார்கள் அதைக் குழைத்தார்கள். தாமதம் பற்றிச் சிலர் கேட்டீர்கள். சுண்ணாம்பு இறுகும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். சிமென்ட் பூசி அவசரமாக முடிப்பதில் குழுவுக்குச் சம்மதமில்லை.

முன்பு நடந்த பழுதுபார்ப்பில் வாலை மீன் வாலாக நிமிர்த்தி வைத்திருந்தார்கள். ஆவுளியா பாலூட்டி; டால்பின் என்னும் ஓங்கிலைப் போலவே அதன் வால் படுக்கைவாட்டில் விரியும். அவ்வாறே திருத்தினோம். பெயின்ட் போனதும் தாயின் துடுப்புக்கு அடியில், அக்குளை ஒட்டி, சிற்பி வடித்திருந்த பால்காம்பு தெரிந்தது. கன்றின் வாய் அதை நோக்கித்தான் திரும்பியிருக்கிறது! பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் காட்டுங்கள். கடற்புல் மேயும் இந்த உயிர் மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சுமுட்டி இறந்துவிடும். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022இல் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நம் பிள்ளைகள் வளர்ந்து கடலுக்குப் போகும்போது, வலையில் சிக்கியதை அடையாளம் கண்டு விடுவிக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து அறிவிப்புப் பலகையில் உள்ளது.

ஒரு வேண்டுகோள். ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பு. அதை ஊற்றினால் பழைய கேடு திரும்பும். மழைநீர்த் தொட்டியின் நீர் மட்டுமே சுழல்கிறது. கோடையில் தொட்டி வற்றினால், வாடை மழை வரும்வரை மோட்டாரை நிறுத்திவைப்போம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு