நடைபயணம் நடத்துற தோழர்களுக்கு: அடுத்த தடவ ரூட்டைத் திருப்பிப் போடுங்க

தோழர்களே, எர்ணாவூர்ல இருந்து எழுதுறேன். எங்க ஆத்துல அனல்மின் நிலையச் சாம்பல் படியுறதை எதுத்து கோட்டைக்குக் கெளம்புனோமே, அந்தப் போன நடைபயணத்துல பழவேற்காட்டுல இருந்து கடைசி வரைக்கும் பேனரோட இடது கம்பைப் புடிச்சிட்டு வந்தேனே, அந்த ஆள் தான். கால் கொப்புளம் ஆறிடுச்சு, இப்ப பேசலாம்.

பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர்னு 50 கிலோமீட்டருக்கு மேல ரெண்டு நாள் நடந்தோம், மீஞ்சூர்ல ஒரு அக்கா கூப்ட்டு மோர் குடுத்தாங்க, எக்ஸ்பிரஸ் ரோட்டுல கண்டெய்னர் லாரிக்காரங்க கூட ஆரன் அடிக்காம வழி விட்டாங்க (அதிசயம்பா அது). ஆனா ராயபுரம் தாண்டறதுக்குள்ள பர்மிஷன் இல்லன்னு போலீஸ்காரங்க பஸ்ல ஏத்தி, ஒரு கல்யாண மண்டபத்துல உக்கார வச்சு, சாம்பார் சாதம் போட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு வுட்டுட்டாங்க. கோட்டையில ஒருத்தரும் நம்மளப் பாக்கல.

2024 செப்டம்பர் 1ந்தேதி சோனம் வாங்சுக் லடாக் உரிமைக்காக அங்க லே-ல இருந்து கெளம்பி மலையெல்லாம் எறங்கி டெல்லிக்கு நடந்தாரு, ஒரு மாசம் கழிச்சு டெல்லி எல்லையில சிங்கு பார்டர்லயே போலீஸ் மடக்கிட்டாங்க. கேக்கறவன் வாசலுக்கு நாம போனா கதவைச் சாத்துறது அவனுக்கு ரொம்ப ஈசி. 1930ல ராஜாஜி திருச்சியில இருந்து எங்க நடந்தாரு? வேதாரண்யத்துக்கு, உப்பு இருக்கற எடத்துக்கு. காந்தி தண்டிக்குப் போனதும் அப்படித்தான்.

அதனால கோட்டை கிட்ட ஆரம்பிச்சு எண்ணூர் முகத்துவாரத்துல முடிங்க. எண்ணூருக்குப் போறோம்னா எவன் தடுக்கப் போறான், இங்க யாரு வர்றா சொல்லுங்க. அண்ணா நகர், அடையாறு ஜனம் ஒரு தடவ நடந்து வரட்டும், ஏசி ஓடுற கரண்ட்டோட சாம்பல் எங்க போய் படியுதுன்னு அவங்க காலே சொல்லும். எங்க சித்தப்பா கழுத்தளவு தண்ணியில நின்னு கையால தடவி இறால் புடிச்சவரு, இப்ப அதே கொசஸ்தலை ஆத்துல எறங்குனா சேறுக்குப் பதிலா சாம்பல் தான் காலை இழுக்குது, வாயால எவ்ளோ சொன்னாலும் மேடையில கேக்கறவங்களுக்கு அது புரியல. 2023 டிசம்பர்ல புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து வலை, படகு எல்லாம் கறுத்துப் போனப்ப நம்ம ஆளுங்க பக்கெட்டும் மக்கும் வச்சுத் தான் அள்ளுனாங்க. அந்த மாசமே 26ந்தேதி ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்துல உரக் கம்பெனியோட அமோனியா வாயு வந்து ஜனம் கொழந்தையத் தூக்கிட்டு ஓடுச்சு. ஓடுன ரோடு இது தான்னு நின்னு காட்டணும்.

ரெண்டு விஷயம். ஞாயித்துக்கெழமை வேணாம், காசிமேட்டுல மீன் வாங்குற கூட்டத்துல நாம காணாமப் போயிடுவோம். அப்புறம் லேடீஸுக்கு பாத்ரூம் எங்கன்னு முன்னாடியே பாத்து வைங்க, போன தடவ தெரியாத வீட்டுக் கதவைத் தட்டித் தட்டி அவங்க பட்ட பாடு எனக்குத் தெரியும், மீட்டிங்ல யாரும் அதைப் பேசல.

வெள்ளிக்கெழமை மீட்டிங்குக்கு சித்தப்பாவையும் கூட்டிட்டு வரேன். ஆத்துல தண்ணி எந்த நேரத்துக்கு வத்தி சாம்பல் வெளிய தெரியும்னு அவரு தான் சரியா சொல்லுவாரு, அதை வச்சு கெளம்புற டைமை முடிவு பண்ணிக்கலாம்.