பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை என் வீட்டுக்காரர் அமெரிக்கன் லேக் கோல்ஃப் மைதானத்தில் பதினெட்டுக் குழிகளையும் ஆடி முடித்துவிட்டு வந்தார். வந்ததும் செயற்கைக்காலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, "பசிக்குது, ரெண்டு தோசை ஊத்து" என்றார். அந்த ஒரு வார்த்தையை அவர் வாயால் கேட்க நான் ஏங்கிய நாட்கள் உங்களில் பலருக்குத் தெரியும். அதனால்தான் இந்த நன்றி மடல். மைதானத்துக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் கைகொடுத்தவர்களில் பாதிப் பேர் தமிழ்க் குடும்பங்கள். மனதில் உள்ளதை முழுசாகச் சொல்ல எனக்கும் தமிழ்தான் வரும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இவர் கோவில்பட்டிக்காரர். தமிழ் உட்படச் சில மொழிகள் தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் திட்டத்தை அமெரிக்க ராணுவம் 2009-இல் தொடங்கியபோது, படிக்க வந்த இடத்தில் சேர்ந்தார். 2012-இல் ஆப்கானிஸ்தானில் காந்தகார் பக்கம் சாலையோரக் குண்டு வெடித்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. புண் ஆறியது. மனிதர் ஆறவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டே இருப்பார். யாராவது ஹாக்கி பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். கோவில்பட்டியில் வளர்ந்த பையனுக்கு ஹாக்கி என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2014-இல் இங்கே வாஷிங்டன் மாநிலத்தில் லேக்வுட் படைவீரர் மருத்துவமனைக்குச் சிகிச்சைக்குப் போனபோதுதான், அதே வளாகத்தில் ஒரு கோல்ஃப் மைதானம் இருப்பதைச் சொன்னார்கள். காயம்பட்ட வீரர்களின் மறுவாழ்வுக்கென்றே உள்ள மைதானம். 1995-இலிருந்து அதை நடத்துவது தன்னார்வலர்கள். புல் வெட்டுவது, பந்து பொறுக்குவது, கல்லாவில் நிற்பது எல்லாம் சம்பளம் வாங்காத கைகள். அப்போது ஒன்பது குழிதான். அடுத்த ஒன்பதைப் புகழ்பெற்ற கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லஸ் தன் கட்டணத்தை வாங்காமல் வடிவமைத்துத் தந்தார், 2016-இல் திறந்தார்கள். கால் வராதவர்கள் உட்கார்ந்தபடியே அடிக்கத் தனியாள் வண்டிகள் அங்கே உண்டு. இவருக்கு அது வேண்டாம், நடந்துதான் ஆடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அந்த முதல் நாளிலேயே விழுந்தார். லேசான சரிவுதான், ஈரப் புல்லில் செயற்கைப் பாதம் வழுக்கிவிட்டது. நான் பதறி ஓடினேன். கூட வந்த பெரியவர், வியட்நாம் போருக்குப் போய்வந்தவர், என்னைக் கையமர்த்தினார். இவரைத் தூக்கவில்லை. தானும் மெல்லக் குனிந்து, அந்த ஈரத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் இருந்திருப்பார்கள். பிறகு இவரே மட்டையை ஊன்றி எழுந்து, அவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். ஐயா, அன்றைக்கு நீங்கள் எழுப்பிவிட்டிருந்தால் இவர் மறுபடி அங்கே வந்திருக்க மாட்டார். பெயரைப் போடாதே என்று சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. கும்பிடுகிறேன்.

பயிற்சியாளருக்கு அடுத்த நன்றி. இவர் மட்டையை ஹாக்கி மட்டை மாதிரிக் கைகளை அகட்டிப் பிடித்தார். நீங்கள் திருத்தவில்லை. இரண்டு வாரம் அப்படியே அடிக்க விட்டீர்கள், பந்து தரையோடு ஓடினாலும். அந்த இரண்டு வாரத்தில்தான் கோவில்பட்டி மைதானத்துக் கதைகளை உங்களிடம் சொல்லத் தொடங்கினார். என்னிடம்கூட அதுவரை சொல்லாத கதைகள்.

வலது கைக்காரர் அடித்து முடிக்கும்போது உடம்பின் பாரமெல்லாம் இடது காலில் இறங்கித் திரும்பும். நல்ல கால் என்றால் அதற்கேற்ப வளைந்து கொடுக்கும். செயற்கைக்கால் கொடுக்காது, அந்தத் திருகல் அப்படியே மேலே ஏறி, மீந்த காலைச் செருகும் கிண்ணமான சாக்கெட் சதையை உரசும். முதல் மாதம் முழுக்க, மீந்த காலில் மாட்டும், ரத்தக்கறை பட்ட காலுறைகளை நான் இரவில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன். இடது பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி நிற்கச் சொன்னது பயிற்சியாளர். சாக்கெட்டுக்குக் கீழே சுழன்று கொடுக்கும் ஒரு சின்ன இணைப்பைப் பொருத்தியது செயற்கைக்கால் செய்யும் தம்பி. பொழுது ஏற ஏறக் கால் சுருங்கும், பாதி ஆட்டத்தில் இன்னொரு காலுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தந்ததும் அவர்தான். கறை நின்ற அன்று நான் அழுதது இவருக்குத் தெரியாது. இப்போது தெரியட்டும்.

இனி நம்மவர்கள். எனக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது. பெல்வியூவிலிருந்தும் கென்ட்டிலிருந்தும் முறை வைத்து வந்து, விடிகாலை மழையில் எங்களை லேக்வுட்டில் கொண்டு விட்டீர்கள். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து, வீட்டுப்பாடம் முடித்து, சாப்பாடு கொடுத்து அனுப்பினீர்கள். "எப்ப சரியாகும்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதற்குத்தான் பெரிய நன்றி. ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கிய அத்தைக்கும். மகனுடைய காலைப் பார்த்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், "தேங்காய் எண்ணெய் தடவுறியாடா?" என்று மட்டும் கேட்டீர்கள். எப்படி முடிந்தது அத்தை உங்களால்?

இன்னும் சில ராத்திரிகளில் தூக்கம் வராமல் எழுந்து நடப்பார். ஜூலை நாலாம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினத்து வெடிச் சத்தம் இன்னும் ஆகாது. ஆனால் சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும் முன்பே எழுந்து, காலுறைகளை எண்ணிப் பையில் வைக்கிறார்.

உங்கள் வீட்டுப் பாத்திரங்கள் ஏழு, டிபன் கேரியர் மூன்று இன்னும் எங்களிடம் இருக்கின்றன. அடுத்த சனிக்கிழமை மைதானத்துக்கு வாருங்கள். இவர் ஆடுவதைப் பார்த்துவிட்டு வீட்டில் சாப்பிட்டுப் போகலாம். கேரியர்களைக் காலியாகத் தர மாட்டேன்.

அன்புடன்,
கோவில்பட்டி வீட்டு மருமகள்,
டகோமா