சிகரெட் துண்டும் ஒரு மணி தேநீரும்

அன்புள்ள தங்கைக்கு,

பஞ்சாபி எழுத்தாளர் அம்ரிதா ப்ரீதம் பற்றி நீ போட்ட ஸ்டேட்டஸைப் பார்த்தேன். அதே சிகரெட் கதைதான். லாகூரில், அம்ரிதா காதலித்த உருதுக் கவிஞர் சாஹிர் லூதியான்வி அவரைப் பார்க்க வருவார், ஒன்றும் பேசாமல் புகைத்துக்கொண்டே இருப்பார், பாதியில் அணைத்துவிட்டு அடுத்ததைப் பற்றவைப்பார், அவர் போன பிறகு அம்ரிதா அந்தத் துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பற்றவைப்பார். அம்ரிதாவே சுயசரிதையில் எழுதியது, கட்டுக்கதை இல்லை. ஆனால் கீழே "இப்படி ஒரு வலி இருந்தால்தான் எழுத்து வரும் போல அக்கா" என்று சேர்த்திருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். தனியாகவே அனுப்பியிருப்பேன், உன் வயதில் நிறையப் பேர் இதையே சொல்வதால் பொதுவில் எழுதுகிறேன்.

பஞ்சாபிகள் இன்றும் மனப்பாடமாகச் சொல்லும் அவருடைய கவிதை எது தெரியுமா? நாட்டுப் பிரிவினையில் எல்லாம் போய், டேராடூனிலிருந்து டெல்லிக்கு ரயிலில் வரும்போது எழுதியது. பஞ்சாபின் பழைய காதல் கதை நாயகி ஹீரைப் பாடிய கவிஞர் வாரிஸ் ஷாவைக் கல்லறையிலிருந்து எழுந்து வரச்சொல்கிறார்: அன்று பஞ்சாபின் ஒரு மகள் அழுததற்கே அவ்வளவு எழுதினாய், இன்று லட்சம் மகள்கள் அழுகிறார்கள். 1950-ல் வந்த 'பிஞ்சர்' நாவல், கடத்திக்கொண்டு போகப்பட்ட ஒரு பெண்ணின் கதை. இதிலெல்லாம் சாஹிர் எங்கே இருக்கிறார்?

சரி, 1956-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கித்தந்த தொகுப்பு சாஹிரை நினைத்து எழுதியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சமயத்தில் ஒரு போட்டோக்காரர் எழுதுவதுபோல உட்காரச் சொன்னபோது, அவர் தாள் முழுக்க சாஹிர் பெயரையே எழுதி வைத்திருந்தாராம். காதல் மட்டும் பேனாவைப் பிடித்தால் ஒரு பெயர்தான் வரும்போல.

எனக்குப் பிடித்தது இம்ரோஸ் கதை. அம்ரிதாவைவிட வயதில் சின்னவர், ஓவியர். டெல்லி வானொலியில் அம்ரிதா வேலை பார்த்த காலத்தில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார், பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்ரிதா அவர் முதுகில் விரலால் சாஹிர் பெயரை எழுதுவார். (வானொலிச் சம்பளம் இருந்ததைக் கவனி. 1960-ல் கணவரைவிட்டு வந்த பெண்ணுக்குக் கவிதையா வாடகை கட்டும்?) அப்புறம் டெல்லி ஹௌஸ் காஸ் பகுதியில் ஒரு வீட்டில் கல்யாணம் செய்துகொள்ளாமலே சேர்ந்து வாழ்ந்தார்கள், ஆளுக்கொரு அறை. அம்ரிதா ராத்திரியில்தான் எழுதுவார். ஒரு மணி வாக்கில் இம்ரோஸ் தேநீர் போட்டு, சத்தமில்லாமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். அம்ரிதா நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாராம். நாற்பது வருஷத்துக்கு மேல் இப்படி.

இதற்காக இம்ரோஸைத் தியாகி ஆக்குகிறார்கள், எனக்கு எரிச்சலாக இருக்கிறது. எழுதுகிற புருஷனுக்கு ராத்திரி காபி கலந்து கொடுத்த மனைவிமார் நம் ஊரில் எத்தனை பேர், அவர்களுக்கு யார் ஸ்டேட்டஸ் போட்டார்கள்? இடுப்பெலும்பு முறிந்து படுத்த அம்ரிதாவை, 2005 அக்டோபரில் அவர் போகும்வரை இம்ரோஸ்தான் பார்த்துக்கொண்டார். 'உன்னை மறுபடி சந்திப்பேன்' என்ற கடைசிக் கவிதை அவருக்குத்தான்.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவன் உன்னை எவ்வளவு அழவைக்கிறான் என்று நாலு பக்கம் எழுதிவிட்டாய், நீ எழுதும்போது அவன் என்ன செய்வான் என்று ஒரு வரி இல்லை. அதை எழுது. அப்புறம் அந்த பஸ் ஸ்டாண்ட் கவிதை நன்றாக இருக்கிறது, அவன் வருகிற கடைசி நாலு வரியை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி அனுப்பு.

அன்புடன்,
அக்கா